தென்னையும் நில அலுவலகமும்

பண்டிகை நெருங்க நெருங்க ஈப்போ சந்தையில் தேங்காய் விலை ஏறினால், பேச்சு நேரே புத்ராஜெயாவுக்குப் போய்விடுகிறது. அமைச்சர் என்ன செய்கிறார், இந்தோனேசியாவிலிருந்து எவ்வளவு காய் வருகிறது என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். மாவட்ட நில அலுவலகத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை. பாகான் டத்தோவில் தென்னை நிற்பதும் சாய்வதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

பேராக் ஆறு கடலில் கலக்கும் தாழ்வான வண்டல் பூமி அது. தென்னைக்குப் பெயர்போன இடம். கீழ்ப்பேராக்கோடு ஒட்டிக்கொண்டிருந்த இந்தப் பகுதி 2017 ஜனவரியில்தான் தனி மாவட்டமானது. பெயர்ப்பலகை மாறியதைவிட, மாவட்டத்துக்கென்று ஒரு நில அலுவலகம் இருப்பதுதான் பெரிய சங்கதி.

ஏனென்றால், மலேசியக் கூட்டரசு அரசமைப்பின் ஒன்பதாம் அட்டவணை நிலத்தையும் வேளாண்மையையும் மாநிலங்களின் கையில் கொடுத்திருக்கிறது. கோலாலம்பூர் உணவுக் கொள்கை எழுதலாம், மானியம் தரலாம். நிலத்தைத் தருவதும் மறுப்பதும் மாநில அரசு. 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டப்படி கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், நிபந்தனை எழுதுவதும் அதுவே. பழைய கிராண்டுகள் சிலவற்றில் பயிரின் பெயரே நிபந்தனையாக இருக்கும். அப்படிப்பட்ட நிலத்தில் வேறு பயிர் வைக்கவோ வீடு கட்டவோ நினைத்தால், நிபந்தனையை மாற்றக் கேட்டு நில அலுவலகத்தில் மனுப் போட வேண்டும். செம்பனை நல்ல விலை போகும்போது தென்னைக்குக் கடைசிக் காவல் அந்த ஒரு வரிதான்.

இன்னொரு காவல் மதகு. தென்னை கொஞ்சம் உப்பைத் தாங்கும், தேங்கி நிற்கும் தண்ணீரைத் தாங்காது. கடல் பெரிதாக ஏறும் நாள்களில் கரையும் மதகும் வாய்க்காலும் கைவிட்டால், வேர் அழுகிக் காய் சிறுத்துப்போகும். வடிகாலும் பாசனமும் அரசமைப்பில் பொதுப் பட்டியலில் இருப்பதால் கூட்டரசுக்கும் மாநிலத்துக்கும் அதில் பங்குண்டு. ஆனால் வாய்க்கால் தூர்ந்தால் ஊர்க்காரர் தேடுவது மாவட்டத்தில் உள்ள வடிகால் பாசன இலாகா அதிகாரியைத்தான். சோற்றுக்கும் சேற்றுக்கும் உள்ள உறவை அமைச்சின் கொள்கைப் புத்தகங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

சாப்பாட்டுக்கு நிலம் ஒதுக்கும் சட்டம் தோட்டப்புறத் தமிழர்களுக்குப் புதிதல்ல. 1906இல் டென்மார்க்காரர்கள் பக்கத்திலேயே ஜெண்டராட்டாவில் ரப்பர் போட்ட காலத்தில், எங்கும் கித்தா மோகம். நெல் வயலும் ரப்பராகிவிடும் என்று பயந்து 1917இல் நெல் நிலங்களுக்குத் தனிச்சட்டம் போட்டார்கள். 1923 தொழிலாளர் சட்டமோ, குடும்பமுள்ள தொழிலாளிக்குப் பயிரிடவோ மாடு மேய்க்கவோ பதினாறில் ஒரு பங்கு ஏக்கர் ஒதுக்கச் சொன்னது. லயத்துக்குப் பின்னால் முருங்கையும் மரவள்ளியும் கத்தரியும் நின்ற பாத்திகளுக்கு இப்படி ஒரு சட்டப் பின்னணி உண்டு. வெள்ளைக்காரர் தர்மம் செய்யவில்லை. கூலி பசித்தால் பால் வெட்ட முடியாது என்ற கணக்கு. எப்படியும் அந்தப் பாத்தி யாருக்கும் கிராண்ட் ஆகவில்லை. தோட்டம் கைமாறியதும் அதுவும் சேர்ந்து போனது.

ஈப்போவுக்கு வடக்கே கந்தானில் நடந்ததும் இதே கதையின் தொடர்ச்சி. பல பத்தாண்டுகளாகக் காய்கறி போட்டுவந்தவர்களின் கையில் நில உரிமை இல்லை. நிலம் பேராக் மாநில மேம்பாட்டுக் கழகத்துடையது. அங்கே தொழில்நுட்பப் பூங்கா வரவேண்டும் என்று 2023 அக்டோபரில் இயந்திரங்கள் இறங்கிப் பயிர்களை அழித்தன, சிலர் கைதானார்கள். அதே நேரத்தில் உணவு இறக்குமதியைக் குறைக்க வேண்டும் என்று நாடு முழுக்கப் பேச்சு! உரிமம் கிடைத்தாலும் சிக்கல் தீராது. தற்காலிக நில அனுபோக உரிமம் அந்தந்த ஆண்டின் முடிவோடு காலாவதியாகும். அதை நம்பிக் கீரை போடலாம், காய்க்க நான்கைந்து ஆண்டு கேட்கும் தென்னையை வைக்க மாட்டார்கள்.

விளைந்ததை விற்கும் இடம் பெரும்பாலும் உள்ளூர் மன்றத்தின் கையில். கூட்டரசின் வேளாண் சந்தைப்படுத்தும் நிறுவனமான ஃபாமாவும் 1985இல் உழவர் சந்தைகளைத் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1999இல் மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தது. நகராட்சியே முன்வந்த இடமும் உண்டு: பிரேசிலின் பெலோ ஒரிசாஞ்சி நகராட்சி 1993இல் உணவுக்கென்றே ஒரு துறை வைத்து, மலிவு விலை உணவகமும் விவசாயிக்கு நேரடி விற்பனை இடமும் கொடுத்தது. அதைச் செய்தவர் மக்கள் தேர்ந்தெடுத்த மேயர். மலேசியாவில் ஊராட்சித் தேர்தல் 1965இல் நிறுத்தப்பட்டது, 1976ஆம் ஆண்டுச் சட்டம் அதை நிரந்தரமாக்கியது. மன்ற உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. இரவுச் சந்தையில் முள்ளங்கி விற்கும் அக்காவுக்கு உரிமக் கட்டணத்தைப் பற்றியோ கடை போடும் இடத்தைப் பற்றியோ குறையிருந்தால், அவர் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஒய்.பி.யின் சேவை மையத்தில்தான் போய் நிற்க வேண்டும்.