கொடுவாவும் ஏட்டுச்சுவடியும்



மரக்காணத்து உப்பளங்களின் ஓரமாக நடப்பவர் கண்ணில் முதலில் படுபவை வெண்ணிற உப்புக் குவியல்கள். அவற்றுக்கு அப்பால் கழி. கழிக்கு அப்பால் கடல். சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினத்தை இப்பகுதியோடு பொருத்திக் காணும் ஆய்வாளர் பலர் உளர். மழைக்காலத்தில் கழுவெளி ஏரியின் நன்னீர் எடையன்திட்டுக் கழிமுகம் வழியாக வங்கக் கடலை அடைகிறது. கோடையில் கடல்நீர் அதே வழியில் உள்ளே ஏறுகிறது. நன்னீரும் உவர்நீரும் கை மாறும் இவ்விடத்தின் சிறப்பை உணர்ந்தே தமிழக அரசு 2021 இல் கழுவெளியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 இல் அது ராம்சார் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது.

பறவைகளுக்குச் சரணாலயம் உண்டு. கழிமுகத்து மீனுக்கு எது சரணாலயம் என்பதே இவ்வுரையின் வினா.

தமிழகக் கழிமுகங்களின் மீன்களில் கொடுவாவுக்குத் தனி இடம் உண்டு. அதன் வாழ்க்கை ஒரு பயணக் கதை. கழிமுகத்தை ஒட்டிய உவர்நீரில் பிறக்கும் குஞ்சு, ஓதத்தோடு உள்ளே நுழைந்து கழியிலும் ஓடைகளிலும் வளர்கிறது. வளர்ந்தபின் முட்டையிடக் கடல்நோக்கித் திரும்புகிறது. முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகளுக்குப் பின் பெண்ணாக மாறுவது அதன் இயல்பு. குளிர்நாட்டுச் சால்மன் இதற்கு நேர்எதிர்: ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, தான் பிறந்த ஆற்றையே நாடி வந்து முட்டையிடுவது. பயணத்தின் திசைதான் வேறு. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையிலுள்ள வாசல் அடைபட்டால் இரண்டும் அழியும்.

சால்மன்கள் பிறந்த ஆற்றுக்கே திரும்புவதால், ஒவ்வோர் ஆற்றின் மீனும் தலைமுறை தலைமுறையாகத் தனி வழியினதாகப் பிரிந்து நிற்கிறது. வெளித்தோற்றத்தில் வேறுபாடு தெரியாது. மரபணுவில் தெரியும். இதைத் தமிழறிஞர்க்கு விளக்க அயல்நாட்டு உவமை வேண்டியதில்லை, உ. வே. சாமிநாதையரின் பணியே போதும். 1887 இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்குமுன், ஊர் ஊராகக் கிடைத்த ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடபேதங்களைக் குறித்தவர் அவர். ஏடு எழுதுவோர் படி எடுக்கும்போது எழுத்து மாறும். அம்மாற்றம் அடுத்த படிக்கும் செல்லும். இரண்டு ஏடுகளில் ஒரே மாற்றம் தொடர்ந்து காணப்பட்டால் அவை ஒரே மூலத்திலிருந்து வந்தவை எனக் கருத இடமுண்டு. மரபியலாளர் செய்வதும் இதுவே. துடுப்பின் ஓரத்தில் ஒரு சிறு துணுக்கை எடுத்து, அதிலுள்ள மரபணு எழுத்துக்களை ஒப்பிட்டு, இந்த மீன் எந்த ஆற்றின் வழிவந்தது எனக் கூறிவிடுகின்றனர்.

இது ஏட்டளவில் நின்றுவிடும் அறிவன்று. அலாஸ்காவின் பிரிஸ்டல் விரிகுடாவில், கரையை நோக்கி வரும் சாக்கை வகைச் சால்மன்களிடம் மாதிரி எடுத்து, எந்த ஆற்றுக்குரியவை எத்தனை பங்கு எனச் சில நாட்களுக்குள் கணித்துவிடுகின்றனர். எந்த ஆற்றின் மீன் குறைவோ, அங்கே வலையை நிறுத்த முடிகிறது. இதே விரிகுடாவைப் பற்றி 2010 இல் வெளிவந்த ஓர் ஆய்வு மேலும் ஓர் உண்மையைக் காட்டியது. அங்குள்ள பல நூறு தனி மீன்கூட்டங்கள் ஒரே கூட்டமாக இருந்திருப்பின், ஆண்டுக்கு ஆண்டு மீன்வரத்தின் ஏற்ற இறக்கம் இருமடங்குக்கும் மேல் பெருகியிருக்கும். மீன்பிடிப்பை அடியோடு நிறுத்தவேண்டிய ஆண்டுகள் பத்து மடங்காகியிருக்கும். ஒரு கூட்டம் தளரும் ஆண்டில் மற்றொன்று தழைக்கிறது. பாடபேதம் பிழையன்று, அது காப்பு.

இனி, மீன் குறைந்தால் பொரிப்பகத்தில் குஞ்சு உண்டாக்கி ஆற்றில் விடலாமே எனத் தோன்றும். சால்மன் நாடுகள் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் செய்தது அதைத்தான். எண்ணிக்கை பெருகிய இடங்கள் உண்டு. ஆயினும் ஓரிகனின் ஹூட் ஆற்று ஸ்டீல்ஹெட் மீன்களின் பெற்றோரை மரபணுவால் கண்டறிந்து 2007 இல் வெளியிடப்பட்ட ஆய்வு, அவை பொரிப்பகத்தில் வளரும் ஒவ்வொரு தலைமுறைக்கும், இயற்கை ஆற்றில் சந்ததி பெருக்கும் திறன் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைவதைக் காட்டியது. தொட்டி வாழ்வுக்குத் தேர்ந்த மீன் ஆற்று வாழ்வில் தோற்கிறது.

கொடுவாவுக்கு இவ்வெச்சரிக்கை இன்னும் பொருந்தும். ஒரு பெரிய தாய்மீன் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளை இடவல்லது. ஆகவே நான்கைந்து மீன்களைக் கொண்டே ஒரு கழிமுகத்தை நிறைத்துவிடலாம். கண்ணுக்கு அது பெருக்கம். மரபுக் கணக்கில் அது வறுமை. ஒரே ஏட்டை ஆயிரம் படி எடுத்துவிட்டு ஆயிரம் ஏடுகள் கிடைத்தன என்று எந்தப் பதிப்பாசிரியரும் மகிழமாட்டார்.

தமிழகத்தில் இதற்கான அறிவும் இடமும் இல்லாமல் இல்லை. 1987 இல் சென்னையில் தோன்றிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம், முட்டுக்காட்டிலுள்ள தன் நிலையத்தில் 1997 இல் கொடுவாவை அடைப்பில் இனப்பெருக்கம் செய்யும் முறையைக் கைவரப்பெற்றது. சீர்காழியை அடுத்த தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் கொடுவாப் பொரிப்பகம் நடத்தியது. குளத்து வளர்ப்புக்குக் குஞ்சு கிடைத்தால் கழியிலிருந்து குஞ்சு வாரவேண்டிய தேவை குறையும். அவ்வகையில் பொரிப்பகம் கழிமுகத்துக்குத் துணை. குளத்துக்கென உண்டான குஞ்சு கணக்கின்றிக் கழியில் கலக்கும்போதுதான் துணை பகையாகிறது.

கலப்பினால் இழக்கப்படுவது யாது? 2016 இல் சிங்கப்பூரின் டெமாசெக் உயிரியல் ஆய்வகத்தைச் சேர்ந்தோர் இந்திய அறிவியலாளர் உள்ளிட்ட பலருடன் இணைந்து கொடுவாவின் முழு மரபணுத் தொகுப்பை வெளியிட்டனர். ஒரே இனமென எண்ணப்பட்ட மீன் மூன்று கிளைகளாகப் பிரிந்தது: இந்தியத் துணைக்கண்டத்தது ஒன்று, தென்கிழக்கு ஆசியாவினது ஒன்று, ஆஸ்திரேலியாவும் பாப்புவா நியூகினியும் சார்ந்தது ஒன்று. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்னரே, 2012 இல், இலங்கையின் மேற்குக் கரைக் கொடுவா தனி இனமென விவரிக்கப்பட்டு, லேட்டஸ் லக்திவா எனப் பெயர் பெற்றது. ஒரே பெயரில் விலைபோகும் மீன் ஒரே மீன் அன்று. தொலைதேசக் குஞ்சை இங்கு விடுவது, ஒரு காப்பியத்தின் ஏட்டில் மற்றொன்றின் பாடல்களைச் செருகுவது போன்றது. செருகியவை கலந்தபின் பிரித்தெடுப்பார் இல்லை.

ஆகவே கழியில் கொடுவாக் குஞ்சு விட எண்ணுவோர் முதலில் அறியவேண்டியவை மூன்று. அக்கழிமுகத்து மீனின் மரபணு அடையாளம், விடுவதற்கு முன்பே பதிவாகியிருக்க வேண்டும். தாய்மீன்கள் அப்பகுதியினவாகவும், எண்ணிக்கையில் பலவாகவும், காலந்தோறும் இயற்கை மீன்களால் புதுப்பிக்கப்படுவனவாகவும் இருத்தல் வேண்டும். விட்ட குஞ்சுகளின் வழி எத்தனை தழைத்தது என்பதைப் பின்னர் அதே மரபணுவால் சோதித்தல் வேண்டும். இம்மூன்றும் இல்லாத விடுகை, விழாவாக அமையலாம், வளமாக அமையாது.

இறுதியாக ஒரு மீனின் வரலாறு. அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்து ரெட்ஃபிஷ் ஏரிக்குக் கடலிலிருந்து சுமார் 1,450 கிலோமீட்டர் நீந்தி வந்தன சாக்கைச் சால்மன்கள். வழியில் அணைகள் எழுந்தன. 1991 இல் அவை அழிவின் விளிம்பிலுள்ளன என அறிவிக்கப்பட்டது. 1992 இல் திரும்பி வந்தது ஒரே ஓர் ஆண் மீன். 1991 முதல் 1998 வரை வந்தவை மொத்தம் 16. அவற்றைக் காப்பில் வைத்து, ஆண்மீன்களின் விந்தை உறையவைத்துச் சேமித்து, நெருங்கிய உறவுகள் இணையாதவாறு மரபணு பார்த்து இனப்பெருக்கம் செய்தனர். 2014 இல் 1,500 க்கும் மேற்பட்டவை திரும்பி வந்தன. அடுத்த ஆண்டே ஆற்றுநீர் சூடேறியதால் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்தன.

மரபியலால் முடிவதும் முடியாததும் இதில் அடங்கியுள்ளன. அது எரியும் வீட்டிலிருந்து ஏடுகளை மீட்டுத் தரும். வீட்டைக் கட்டித் தராது. கழுவெளிக்கு நன்னீர் வரும் ஓடைகள் தூராமலும், எடையன்திட்டு முகத்துவாரம் அடைபடாமலும், கழியோரம் இறால் பண்ணைகளுக்கு இரையாகாமலும் இருந்தால்தான் கொடுவாவின் பயணம் தொடரும். ஏடு காப்போர் கரையானை மட்டும் அஞ்சுவதில்லை. படிப்பார் இல்லாமற் போவதையும் அஞ்சுவர். மீனுக்குப் படிப்பார் அதன் நீரே. மரக்காணத்துக் கழியில் ஓதம் ஏறி இறங்கும்வரை, அந்த மூல ஏடு படிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும்.