கடன் வாங்கித் தொடங்கிய பூட்டுப் பட்டறை

(பட்டறைத் தொழில் செய்யும் இளைஞர்களுக்குக் கருவிகளும் வட்டியில்லாக் கடனும் வழங்கிய நிகழ்ச்சியில், அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)



ஜமாஅத் பெரியவர்களே, தாய்மார்களே, கருவி வாங்க வந்திருக்கும் தம்பிமார்களே!

வெல்டிங் மெஷினும் கட்டரும் டிரில்லும் அதோ மேசையில் இருக்கின்றன. உங்கள் கண் அங்கேயே இருப்பது எங்களுக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள். ஷட்டர் பட்டறையும் கேட் பட்டறையும் வைக்கப் போகிறவர்களுக்கு, பூட்டும் பெட்டகமும் கதவும் செய்து பெரிதான ஒரு கம்பெனியின் கதையைச் சொல்லிவிட்டுத் தருகிறோம்.

கோத்ரெஜ் என்றால் நமக்கு பீரோ ஞாபகம் வரும். ஆனால் அந்தக் கம்பெனி பீரோவில் தொடங்கவில்லை. அதை ஆரம்பித்த அர்தேஷிர் கோத்ரெஜ் பம்பாய்க்காரர், பார்சி சமூகத்தவர், வக்கீலுக்குப் படித்தவர். 1894-ல் ஒரு வழக்குக்காகக் கப்பலேறி ஆப்பிரிக்கக் கரையில் சான்சிபார் போனார். வழக்கின் நடுவில், தன் கட்சிக்காரர் பக்கம் சொல்ல வேண்டியது உண்மைதான் என்று அவர் மனம் ஒப்பவில்லை. பேச மறுத்தார். வழக்கும் போயிற்று, வக்கீல் தொழிலும் போயிற்று. ஊர் திரும்பினார்.

அடுத்து மெர்வான்ஜி காமா என்ற பெரியவரிடம் 3,000 ரூபாய் கடன் வாங்கி, ஆஸ்பத்திரிக்கு வேண்டிய அறுவைக் கருவிகள் செய்தார். வாங்க வந்த ஆங்கிலேய முதலாளிக்குச் சரக்கில் குறை தெரியவில்லை. ஆனால் ‘இந்தியாவில் செய்தது’ என்று முத்திரை குத்தினால் வாங்க மாட்டேன் என்றார். குத்தாமல் தரமாட்டேன் என்றார் அர்தேஷிர். அந்தத் தொழிலும் படுத்தது.

இப்போது ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். போன தடவை நம்மிடம் கடன் வாங்கிப் பட்டறையை மூடிய இரண்டு பேர் இன்றும் இந்த வரிசையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மறுபடி கொடுக்கலாமா என்று கமிட்டியில் பெரிய வாக்குவாதமே நடந்தது. ‘ஜனங்கள் நம்பிக் கொடுத்த பணம், அமானத், தோற்றவனுக்கே திரும்பக் கொடுப்பதா?’ என்று கேட்டவர்களின் கேள்வியில் தப்பில்லை. இந்தக் கதை எங்களுக்கு ஞாபகம் வந்ததே அந்த வாக்குவாதத்தின்போதுதான்.

ஏனென்றால் அர்தேஷிர் திரும்பப் போனது அதே காமாவிடம். பம்பாயில் திருட்டு பெருகிவிட்டது, வீட்டைப் பத்திரப்படுத்துங்கள் என்று போலீஸ் சொன்ன செய்தியைப் பத்திரிகையில் படித்தார். பூட்டு செய்யலாம் என்று தோன்றியது. காமாவும் கொடுத்தார். 1897 மே மாதம் லால்பாகில், கேஸ் கம்பெனிப் பக்கத்தில் 215 சதுர அடிக் கொட்டகையில் வேலை ஆரம்பமானது. நம் ஊரில் ஒரு சின்ன மளிகைக் கடை அளவுதான். பூட்டுக்கு ‘ஆங்கர்’, அதாவது நங்கூரம் என்று பெயர் வைத்தார். ஒரு பூட்டின் சாவி இன்னொன்றுக்குச் சேராது என்ற உத்தரவாதத்தோடு விற்றார். பிறகு காமாவின் உறவுப் பிள்ளை பாய்ஸ் கூட்டாளியாகச் சேர்ந்தார். அவர் சீக்கிரமே விலகிவிட்டார். ஆனால் ‘கோத்ரெஜ் அண்ட் பாய்ஸ்’ என்று அவர் பெயரை அந்தக் கம்பெனி விடாமல் வைத்திருக்கிறது. கடன் கொடுத்த வீட்டை மறக்கவில்லை என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.

1902-ல் பெட்டகம் செய்ய ஆரம்பித்தார்கள். தம்பி பிரோஜ்ஷாவும் தொழிலில் கைகொடுத்தார். 1944 ஏப்ரல் 14 அன்று பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகின்’ என்ற கப்பல் வெடித்தது. உள்ளே பஞ்சுப் பொதி, வெடிமருந்து, தங்கக் கட்டிகள். நாமும் துறைமுகத்து ஜனங்கள், ஒரே கப்பலில் அப்படிச் சரக்கு ஏற்றினால் என்ன ஆகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. கரையில் தெருத் தெருவாக எரிந்தது. அந்தத் தீயிலும் கோத்ரெஜ் பெட்டகங்களுக்குள் இருந்தவை தப்பின. தீ எப்போது வரும் என்று தெரிந்து யாரும் தகடு வாங்குவதில்லை. முன்பே சரியாகச் செய்திருந்ததால் தப்பியது. நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்கு லட்சக்கணக்கில் ஓட்டுப் பெட்டிகளை விக்ரோலித் தொழிற்சாலையில் இதே கம்பெனிதான் செய்து கொடுத்தது.

இன்னொரு சின்னச் செய்தி. கார் ஷெட்டுக்கு மேலே தூக்கும் கதவை 1921-ல் அமெரிக்காவில் ஜான்சன் என்பவர் கண்டுபிடித்தார். மாதிரிக் கதவைத் தன் ஃபோர்டு காரின் பின்னால் பொருத்திக்கொண்டு, ஊர் ஊராகத் தூக்கி இறக்கிக் காட்டி ஆர்டர் பிடித்தார். விளம்பரத்துக்குக் காசில்லை என்று சொல்லும் தம்பிகள் இதை யோசியுங்கள், டிவிஎஸ் எக்ஸெல் இருந்தாலும் போதும்.

இனி நம் விஷயம். நம்மைச் சுற்றி உப்பளம், காற்றிலேயே உப்பு. இங்கே ஷட்டர் முதலில் அரிப்பது கீழ்ப்பட்டியிலும் கைடு சேனலின் அடியிலும். நம் அறக்கட்டளைக் கடை ஒன்றுக்கு 18 கேஜ் தகடு என்று பணம் வாங்கிப் போட்ட ஷட்டர் இரண்டாவது மழைக்காலத்திலேயே ஓட்டையாகிவிட்டது. போட்டவர் யார் என்பது இங்கே வேண்டாம். அளந்து பார்த்தால் 20 கேஜ். கேஜ் எண் கூடினால் தகடு மெலிசு என்பது வாங்குகிறவர்கள் பலருக்குத் தெரியாது. 18 என்றால் சுமார் 1.2 மில்லிமீட்டர், 20 என்றால் சுமார் 0.9. பெயிண்ட் அடித்துவிட்டால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். உள்ளே பிரைமர் கூட இல்லை.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் தானியக் குவியலுக்குள் கையை விட்டு, உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு, அதை ஏன் ஜனங்கள் பார்க்கும்படி மேலே வைக்கவில்லை என்று வியாபாரியைக் கேட்ட சம்பவத்தை ஜும்ஆ பயானில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோம். பெயிண்டுக்கு அடியில் இருக்கும் மெலிசுத் தகடும் அந்த ஈரம்தான்.

அதனால் கமிட்டி ஒரு நிபந்தனை வைத்திருக்கிறது. நீங்கள் செய்யும் ஒவ்வொரு ஷட்டரின் கீழ்ப்பட்டியிலும் பட்டறைப் பெயர், போட்ட வருடம், கேஜ் எண் மூன்றையும் பொறிக்க வேண்டும். ரசீதிலும் அதையே எழுத வேண்டும். 20 கேஜ் போடுவது தப்பில்லை, 20 என்று சொல்லிப் போடுங்கள். முதல் தவணை நான்காம் மாதம். வட்டி கிடையாது. கட்ட முடியாமல் போனால் ஒளியாமல் வந்து சொல்லுங்கள், உட்கார்ந்து பேசலாம்.

அந்த அறக்கட்டளைக் கடைக்கு இன்னும் புது ஷட்டர் போடவில்லை. முன்பு பட்டறையை மூடிய அந்த இரண்டு தம்பிகளும் நாளை அஸருக்குப் பிறகு வந்து அளவு எடுத்து விலை சொல்லட்டும், இன்ஷா அல்லாஹ். இப்போது பெயர் வாசிக்கிறோம், ஒவ்வொருவராக வாருங்கள்.