மந்திரக் கதையும் வாசகர் கருத்தும்

(வெள்ளி விழாவையொட்டி நடைபெற்ற வாசகர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நமது சங்கம் 25 ஆண்டுகளை நிறைவு செய்யும் இந்நன்னாளில், சங்கத்தின் நூல்நிலையத்தைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு என்னைப் பணித்தார்கள். நூல்நிலையத்தைப் பொதுவாகப் புகழ்ந்து பேசுவதினும், அங்கே நம் இளைஞர்கள் அண்மையில் கூடிப் படித்த ஒரு நூலையும், அந்நூலைக் குறித்து எழுந்த கருத்துகளையும் எடுத்துரைப்பதே பயனுடையது என்று எண்ணுகிறேன்.

அந்நூல் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின் அம்மையார் எழுதி, 1968ஆம் ஆண்டில் வெளிவந்த 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' என்னும் புதினம். வளரிளம் பருவத்தினருக்காக எழுதப்பட்ட மந்திரக் கதை. ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் அத்தியாயம் அத்தியாயமாகப் படித்துப் பொருள் கூற, மற்றவர்கள் கேட்டார்கள். படித்து முடித்த மாலையில், "உங்கள் கருத்து என்ன?" என்று வினவினேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. கடைசியில் ஓர் இளைஞர் எழுந்து, "நாங்கள் என்ன சொல்லிவிடப் போகிறோம் ஐயா? படித்தவர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறோம்" என்றார். அந்த விடைதான் என்னை இன்று இவ்வளவு நேரம் பேசத் தூண்டியது.

கதையை அறியாதவர்களுக்காகச் சுருங்கக் கூறுகிறேன். எர்த்ஸீ என்பது பல நூறு தீவுகளைக் கொண்ட ஒரு கற்பனை உலகம். அதில் கோண்ட் என்னும் மலைத் தீவில், வெண்கலக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்து, தாயை இழந்து, ஆடு மேய்த்துத் திரிந்த சிறுவன் கெட். அவனுக்குள் இருந்த ஆற்றலைக் கண்ட ஓஜியன் என்னும் முதியவர் அவனைத் தம் மாணவனாக ஏற்கிறார். பின்னர் அவன் ரோக் தீவிலுள்ள மந்திரப் பள்ளியில் சேர்கிறான். அங்கே பிரபு குடும்பத்தைச் சேர்ந்த ஜாஸ்பர் என்னும் மாணவன் இவனை ஆட்டிடையன் என்று எள்ளி நகையாடுகிறான். ஏளனம் பொறாத கெட், தன் ஆற்றலைக் காட்டுவதற்காக, இறந்துபோன ஒருத்தியின் ஆவியை அழைக்கிறான். அப்போது திறந்த பிளவின் வழியே பெயரில்லாத நிழல் ஒன்று வெளிப்பட்டு அவன் முகத்தைக் கிழிக்கிறது. பிளவை மூட முனைந்த தலைமை ஆசான் உயிர் துறக்கிறார். அந்நிழலுக்கு அஞ்சி ஓடுவதும், பின்னர் அதையே துரத்திச் சென்று எதிர்கொள்வதுமே எஞ்சிய கதை.

இதற்கு எழுந்த முதல் கருத்து நம் பெரியவர் ஒருவருடையது. "மூடநம்பிக்கையை ஒழிக்க இத்தனை ஆண்டுகள் பாடுபட்டோம், இப்போது மந்திரக் கதையைக் கொண்டுவந்து இளைஞர் கையில் கொடுப்பதா?" என்று அவர் கேட்டார். நியாயமான கேள்வி. பேய் பிடித்தது என்றும், தகடு வைத்தார்கள் என்றும் சொல்லி ஏழைகளின் கைப்பொருளைப் பறிப்பவர்களைக் கண்டவர் அவர்.

ஆயினும் இந்நூலில் மந்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை நோக்குங்கள். பூசையாலோ காணிக்கையாலோ அது கைகூடுவதில்லை. ஒவ்வொரு பொருளுக்கும் பழைய மொழியில் ஓர் உண்மைப் பெயர் உண்டு. அப்பெயரை அறிந்தவனே அப்பொருளை ஆள முடியும். ஆகவே மாணவர்கள் தனித்ததொரு கோபுரத்தில் அமர்ந்து, மாதக்கணக்கில், செடி கொடிகள், கடல்கள், துறைமுகங்கள் ஆகியவற்றின் பெயர்களை மனப்பாடம் செய்கிறார்கள். ஓரிடத்து மழையைத் தடுத்தால் மற்றோரிடத்தில் வறட்சி நேரலாம் என்று ஆசிரியர்கள் எச்சரிக்கிறார்கள். பேராற்றல் படைத்த ஓஜியன், மழை பெய்தால் பெய்யட்டும் என்று விட்டுவிட்டு மரத்தடியில் ஒதுங்கிப் படுக்கிறார். உழைத்துப் பெறும் கல்வியையும், ஆற்றல் பெற்றவன் ஏற்க வேண்டிய பொறுப்பையுமே ஆசிரியை மந்திரம் என்னும் பெயரால் பேசுகிறார். இதை விளக்கியபின் பெரியவர், "அப்படியானால் படிக்கட்டும்" என்றார். எனினும் அவர் கேட்டிராவிட்டால் இவ்விளக்கமும் பிறந்திராது.

அடுத்து, நிறம் பற்றிய கருத்து. கெட் செம்பழுப்பு நிறத்தவன். அவனுடைய உற்ற நண்பன் வெட்ச் நல்ல கறுப்பு நிறத்தவன். எர்த்ஸீயின் மக்களுள் பெரும்பாலோர் கருமேனியினர். படையெடுத்து வந்து கொள்ளையடிக்கும் கார்கு மக்களே வெள்ளை நிறத்தவர். இதை நம் இளைஞர்களுள் பலர் கவனிக்கவே இல்லை. நூல் முழுவதும் படித்தபின்னும் மந்திரவாதி என்றால் வெண்தாடியும் வெண்தோலும் உடையவர் என்றே மனக்கண்ணில் கண்டிருந்தார்கள். ஒரு மாணவி மட்டும், "ஐயா, கதாநாயகன் நம்மைப் போல் இருக்கிறான்" என்று மெல்லக் கூறினாள்.

அம்மாணவியின் சொல் எனக்கு வேறொரு சிறுமியை நினைவூட்டியது. நியூயார்க் நகர மழலையர் பள்ளி ஒன்றில் படப்புத்தகம் பார்த்துக்கொண்டிருந்த ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, படங்களில் வரும் பிள்ளைகள் எப்போதும் வெள்ளைப் பிள்ளைகளாகவே இருப்பது ஏன் என்று கேட்டாள். அக்கேள்வியை முன்வைத்து நான்சி லாரிக் என்னும் கல்வியாளர் 1965ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். 1962 முதல் 1964 வரை அமெரிக்காவில் வெளியான 5,206 சிறுவர் நூல்களை அவர் கணக்கெடுத்தார். அவற்றுள் கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றவை 349 மட்டுமே. நூற்றுக்கு ஏழுகூட இல்லை. ஐந்து வயதுச் சிறுமி சொன்ன வாசகர் கருத்து ஒரு நாட்டின் பதிப்புலகையே தலைகுனியச் செய்தது! அக்கட்டுரை வெளிவந்து மூன்றாண்டுகள் கழித்தே கெட் பிறந்தான்.

லெ குவின் அம்மையார் வெள்ளையர். கெட்டின் நிறத்தை முதற்பக்கத்திலேயே முழங்காமல், வாசகர்கள் அவனோடு ஒன்றிப்போன பின்னரே புலப்படும்படி எழுதியதாக அவரே பின்னாளில் கூறியிருக்கிறார். ஆயினும் பல பதிப்புகளின் மேலட்டையில் கெட்டை வெள்ளையனாகவே வரைந்தார்கள். 2004ஆம் ஆண்டில் அமெரிக்கத் தொலைக்காட்சி ஒன்றில் இக்கதை தொடராக வந்தபோது, கெட்டாக நடித்தவரும் வெள்ளை நடிகரே. அம்மையார் அதை வெளிப்படையாகக் கண்டித்துக் கட்டுரை எழுதினார். தாங்களும் இடம்பெற்றிருப்பதாக உணர்ந்த மந்திரக் கதைகள் இவை மட்டுமே என்று வெள்ளையரல்லாத வாசகர்கள் தமக்குத் தெரிவித்திருப்பதை அக்கட்டுரையில் அவர் குறிப்பிட்டார். தம் வாசகர்களுக்கு நேர்ந்த இழப்பைத் தம் இழப்பாகவே அவர் கருதினார். அவர் 2018 ஜனவரியில் மறைந்தார். அவ்வாண்டிலேயே, நூலின் 50ஆம் ஆண்டையொட்டி, சார்லஸ் வெஸ் வரைந்த ஓவியங்களுடன் எர்த்ஸீ கதைகளின் முழுத் தொகுப்பு வெளிவந்தது. அதில் கெட் கருமேனியனாகவே காட்சி தருகிறான்.

இனி, பெண்களின் கருத்து. ரோக் தீவின் பள்ளியில் ஆட்டிடையனும் பிரபுவின் மகனும் ஒரே கூடத்தில் உண்கிறார்கள்; ஒரே பாடம் கற்கிறார்கள். ஆனால் பெண்ணுக்கு அங்கே இடமில்லை. பெண்களின் மந்திரம் வலுவற்றது, தீயது என்று பொருள்படும் பழமொழிகளும் நூலில் வருகின்றன. கல்விக்கூடத்தின் வாயில் ஒரு சாராருக்கு மட்டும் அடைக்கப்பட்டிருப்பது என்ன என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. இதனைப் பெண் வாசகர்கள் சுட்டிக்காட்டினார்கள். அம்மையார் தம் குறையை மறைக்க முயலவில்லை. 1972ஆம் ஆண்டில் மூன்றாம் நூலோடு முடிந்திருந்த கதையை, 18 ஆண்டுகளுக்குப் பின், 1990இல் 'தெஹானு' என்னும் நூலின் வழியே மீண்டும் திறந்தார். அதில் நடுவயதுப் பெண் ஒருத்தியும், தீயில் எறியப்பட்டு முகம் வெந்த ஒரு சிறுமியுமே கதையின் நடுநாயகங்கள். பேராற்றலை இழந்து திரும்பும் கெட் மீண்டும் ஆடு மேய்க்கிறான். பழைய வீரனைத் தேடிய வாசகர் சிலருக்கு அது கசந்தது. பின்னர், 2001இல் வெளிவந்த கதைத் தொகுதியில், ரோக் பள்ளியை நிறுவியவர்களுள் பெண்களும் இருந்தனர் என்றும், அவ்வரலாறு மறைக்கப்பட்டது என்றும் எழுதினார். ஒரு பெண் அப்பள்ளியின் கதவைத் தட்டி உள்ளே நுழையும் கதையும் அதே தொகுதியில் உள்ளது.

இளைஞர்களே! தாம் படைத்த உலகத்தையே ஓர் எழுத்தாளர் திரும்பிச் சென்று திருத்தினார். அதில் வாசகர் கருத்துக்கும் பங்கு உண்டு என்பதை மறவாதீர்கள்.

இறுதியாக நம் வாசகர் கூட்டத்திலேயே எழுந்த ஒரு கருத்தைக் கூறி முடிக்கிறேன். முதலில் பேச மறுத்த அதே இளைஞர், மறுவாரம் தாமாகவே எழுந்து நின்றார். "ஏளனம் செய்தவன் ஜாஸ்பர். நிழல் பிடித்ததோ கெட்டை. இழிவுபடுத்தியவனுக்கு ஒன்றும் இல்லை. இழிவுபட்டவன் மட்டும் முகத்தில் தழும்போடு கடல் கடலாக அலைய வேண்டுமா? இது நியாயமா?" என்றார். கூடம் அமைதியாயிற்று. ஜாஸ்பர் மந்திரவாதிக்குரிய கோலைப் பெறாமலே பள்ளியை விட்டுப் போனான் என்று நூலில் போகிற போக்கில் ஒரு குறிப்பு வருகிறது, அவ்வளவே. அவன் மனம் வருந்தினானா என்பதைக் கதை கூறவில்லை. இக்குறையை நான் படித்த எந்தத் திறனாய்விலும் கண்டதில்லை. ஆட்டிடையன் என்று அழைக்கப்படுவது எப்படி வலிக்கும் என்று அறிந்தவர்தான் அதனைக் கேட்க முடியும்.

என் விடையை, முழு விடை என்று சொல்லாமல், கூறுகிறேன். அந்த ஏளனம் குற்றமே. அதற்குத் தண்டனை வேண்டும் என்பதும் சரியே. ஆனால் கெட் செய்த தவறு வேறு. தான் கற்ற கல்வியை, இகழ்ந்தவனின் கண்ணெதிரே காட்டுவதற்காகச் செலவிட்டான். அந்தக் கணத்தில் அவனுடைய கல்விக்கு எசமான் ஜாஸ்பர் ஆகிவிட்டான். நம் பிள்ளைகளும் இகழ்ச்சிக்கு விடை கூறுவதற்காகவே பட்டம் பெற்றால், அப்பட்டத்தை அளப்பவன் இகழ்ந்தவனாகவே இருப்பான். கதையின் முடிவில் கெட் அந்நிழலை எதிர்கொண்டு, அதன் பெயரைக் கூறி அழைக்கிறான். அப்பெயர் 'கெட்', அவனுடைய பெயரேதான். தனக்குள் இருந்த அச்சத்தையும் சினத்தையும் தன்னுடையவை என்று ஏற்றபோதுதான் அவன் முழு மனிதன் ஆனான்.

பெயரின் ஆற்றலை நாம் கதையில் மட்டும் அறிந்தவர்கள் அல்லர். பிறர் இழிவாக வழங்கிய பெயர்களை விலக்கி 'ஆதி திராவிடர்' என்னும் பெயரே வழங்கப்பட வேண்டும் என்று எம். சி. ராஜா அவர்கள் 1922இல் சென்னைச் சட்டமன்றத்தில் வாதாடி வென்றார். நம் பெயரை நாமே சொல்வது ஆற்றல் என்றால், ஒரு நூலைப் பற்றிய நம் கருத்தை நாமே சொல்வதும் ஆற்றலே.

அந்த இளைஞருக்கு என் விடை முழு நிறைவு தரவில்லை. "யோசித்துச் சொல்கிறேன் ஐயா" என்று கூறி அமர்ந்தார். 25 ஆண்டுகளாக இச்சங்கம் செய்துவந்த பணி வீண்போகவில்லை என்று அப்போது நான் உணர்ந்தேன். நூல்நிலையத்தில் அடுத்த நூலை எடுக்கும்போது, மேலட்டையில் இருப்பவர் யார், உள்ளே இல்லாதவர் யார், வாயிலில் நிறுத்தப்பட்டவர் யார் என்று கேட்டுப் படியுங்கள். படித்தபின் எழுந்து நின்று உங்கள் கருத்தைக் கூறுங்கள். தவறாயிருப்பின் திருத்திக்கொள்ளலாம், கூறாத கருத்தைத் திருத்த எவராலும் இயலாது.