சாப்ளின் ஏன் பேசவில்லை?

(சங்க ஆண்டு விழாவில் ‘மாடர்ன் டைம்ஸ்’ படம் காட்டிய பின் நிகழ்த்திய உரை)



படம் முடிந்து விளக்குப் போட்டதும் முன்வரிசைக் குழந்தைகள் “மறுபடி போடுங்க” என்று கூச்சல் போட்டார்கள். பின்வரிசையில் சில பெரியவர்கள் வேறு விதமாகக் கேட்டார்கள். “சங்க விழாவில் கோமாளிப் படமா? அதுவும் ஊமைப் படமா? நம்ம ஊர்ப் படம் ஒன்று கிடைக்கவில்லையா?” என்றார்கள். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்தப் படம் 1936 பிப்ரவரியில் நியூயார்க்கில் வெளிவந்தது. அமெரிக்காவில் படங்கள் பேசத் தொடங்கி அப்போது எட்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. தமிழிலேயே 1931-ல் ‘காளிதாஸ்’ பேசிவிட்டது. உலகமெல்லாம் பேசும்போது சாப்ளின் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்தார். பேசத் தெரியாதவரா? லண்டனில் பிறந்து நாடக மேடையில் வளர்ந்தவர். ஏழு வயதில் வறுமை தாளாமல் தாயோடு ஏழையர் விடுதிக்குப் போனவர். பேச அவரிடம் நிறைய இருந்தது.

ஆனால் படத்தில் குரலே இல்லையா? இருக்கிறது. நினைத்துப் பாருங்கள். முதலாளி பேசுகிறார், சுவரிலுள்ள திரைக்குள்ளிருந்து. சோறூட்டும் எந்திரத்தை விற்க வந்தவனுக்காக இசைத்தட்டு பேசுகிறது. சிறைச்சாலையில் ரேடியோ பேசுகிறது. அவ்வளவுதான். மனிதக் குரல் எந்திரம் வழியாகத்தான் வருகிறது. பெல்ட்டுக்கு முன்னால் நிற்கிறவனுக்குக் குரல் இல்லை. இதைச் சாப்ளின் யோசித்துத்தான் செய்திருக்கிறார் என்பது எங்கள் கருத்து.

அந்த முதலாளி என்ன வேலை செய்கிறார்? துண்டுப் படங்களைச் சேர்த்து விளையாடுகிறார், பத்திரிகை பார்க்கிறார், மாத்திரை போட்டுக்கொள்கிறார். பிறகு திரையைத் திருப்பி, ஐந்தாம் பிரிவில் வேகத்தைக் கூட்டச் சொல்கிறார். சட்டையில்லாத ஒருவன் லீவரை இழுக்கிறான். அவனும் கூலிக்காரன்தான், அதையும் கவனிக்க வேண்டும். கீழே சாப்ளின் இரண்டு கைகளிலும் ஸ்பேனர் பிடித்து நட்டு முடுக்குகிறான். அக்குளைச் சொறிந்தால் ஒரு நட்டு தப்பிவிடும். பூச்சியை விரட்டினால் இன்னொன்று தப்பிவிடும். தப்பினால் பக்கத்து ஆள் யார் மேல் பாய்கிறான்? முதலாளி மேல் அல்ல, சாப்ளின் மேல்! நாம் எல்லோரும் சிரித்தோம். அந்த இடத்தில் நாம் வெட்கப்பட்டிருக்கவும் வேண்டும்.

இது கற்பனை அல்ல. டெட்ராய்ட் நகரத்துத் தொழிற்சாலைகளைப் பற்றி ஒரு நிருபர் சொன்னதைக் கேட்டுத்தான் இந்த எண்ணம் வந்தது என்று சாப்ளின் 1964-ல் வந்த தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். வயல்காட்டிலிருந்து திடகாத்திரமான வாலிபர்களைப் பெல்ட் வேலைக்குக் கூட்டிவருவார்களாம். நாலைந்து வருஷத்தில் நரம்பு தளர்ந்து போவார்களாம். கிராமத்திலிருந்து ரயிலேறி வந்த நமக்கு அந்த வாலிபர்கள் அந்நியர்களா?

டெட்ராய்ட் அருகே ஹைலண்ட் பார்க்கில் ஃபோர்டு 1913-ல் ஓடும் பெல்ட்டை ஏற்படுத்தினார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த கார் அடிச்சட்ட வேலை ஏறக்குறைய ஒன்றரை மணியில் முடிந்தது. தொழிலாளிகள் ஓடினார்கள். 14,000 பேரை நிறுத்திவைக்க ஒரே ஆண்டில் 50,000 பேருக்கு மேல் வேலைக்கு எடுக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகுதான் 1914 ஜனவரியில் நாளைக்கு 5 டாலர் என்ற அறிவிப்பு வந்தது. தர்மசிந்தனை என்று பாடப்புத்தகம் சொல்லும். ஆள் நிற்கவில்லை என்பதுதான் விஷயம்.

அப்படியானால் எந்திரமே வேண்டாமா? 1931-ல் வட்டமேஜை மாநாட்டுக்குப் போயிருந்த காந்தியைச் சாப்ளின் லண்டனில் சந்தித்து இதைத்தான் கேட்டார். நல்ல நோக்கத்தோடு பயன்படுத்தினால் எந்திரம் மனிதனை விடுவிக்காதா, வேலை நேரத்தைக் குறைக்காதா என்று கேட்டார். எந்திரம் எங்களை இங்கிலாந்துக்கு அடிமையாக்கியது, அதிலிருந்து விடுபடத்தான் ராட்டை என்று காந்தி விளக்கினார். இருவர் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நாங்கள் இந்த விஷயத்தில் சாப்ளின் கட்சி. லீவர் யார் கையில் என்பதுதான் கேள்வி.

சோறூட்டும் எந்திரத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தோம். சோளக்கதிர் சுழன்று அவன் மூக்கை அறைகிறது, சோற்றுக்குப் பதில் இரும்பு நட்டு வாய்க்குள் போகிறது. அந்த எந்திரம் எதற்கு வந்தது? சாப்பாட்டு நேரத்தை ஒழிப்பதற்கு! முதலாளி ஏன் வேண்டாம் என்றார்? தொழிலாளி துன்பப்பட்டான் என்பதற்காக அல்ல, நடைமுறைக்கு உதவாது என்பதற்காக. ஒழுங்காக வேலை செய்திருந்தால் மறுநாளே வாங்கியிருப்பார்.

சில தோழர்களுக்கு ஒரு வருத்தம் உண்டு. இவன் லாரியிலிருந்து விழுந்த செங்கொடியை எடுத்துக்கொடுக்கப் போய்த் தற்செயலாக ஊர்வலத் தலைவன் ஆகிறான், சோறு கிடைக்கும் என்று சிறைக்கே திரும்ப ஆசைப்படுகிறான், வர்க்க உணர்வு எங்கே என்கிறார்கள். நாங்கள் அப்படிப் பார்க்கவில்லை. தனியாக நிற்கிறவன் அப்படித்தான் ஆவான். பைத்தியம் பிடிக்கும், இல்லையென்றால் சிறை சொர்க்கமாகத் தெரியும். கடையில் திருட வந்தவர்களில் ஒருவன் அவனோடு வேலை பார்த்தவன். நாங்கள் திருடர்கள் அல்ல, பசிக்கிறது என்கிறான். அந்த இடத்தில் இந்தக் கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை.

படம் வந்த அதே ஆண்டு டிசம்பர் 30-ம் தேதி, டெட்ராய்ட்டுக்குப் பக்கத்து ஊரான பிளின்டில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளிகள் எந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். படத்தைப் பார்த்து உட்கார்ந்தார்கள் என்று கதை கட்ட மாட்டோம். ஆனால் அவர்களுடைய பெரிய குறையும் பெல்ட் வேகம்தான். 44 நாள் உள்ளேயே இருந்தார்கள். வெளியிலிருந்து சோறு சமைத்து அனுப்பினார்கள். பிப்ரவரி 1-ம் தேதி ஒரு பிளாண்டுக்குள் கண்ணீர்ப்புகை அடித்தபோது, பெண்கள் வெளியே நின்று ஜன்னல் கண்ணாடிகளை உடைத்துப் புகையை வெளியேற்றினார்கள். தாய்மார்கள் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 1937 பிப்ரவரி 11-ல் கம்பெனி சங்கத்தை அங்கீகரித்துக் கையெழுத்துப் போட்டது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். சாப்ளின் கழிவறைக்குப் போகும்போதும் கார்டு அடித்துவிட்டுப் போகிறான். உள்ளே ஒரு சிகரெட் பற்றவைத்தால் சுவரில் முதலாளி முகம் தோன்றி விரட்டுகிறது. நம் பையன் ஒருவன் இங்கே ஒரு கோடவுனில் பார்சல் பிரிக்கிறான். கையில் ஸ்கேனர். அது சும்மா இருக்கிற நிமிஷத்தையெல்லாம் கணக்கெழுதுகிறது. வயிற்றுக் கடுப்பு வந்த நாளில் மூன்று தடவை போனதற்கு மெமோ கொடுத்தார்கள். மெமோ இங்கிலீஷில். சூப்பர்வைசர் கேட்டது இந்தியில். இவன் பதில் சொல்லாமல் நின்றிருக்கிறான். ஒத்துக்கொண்டான் என்று எழுதி இரண்டு நாள் கூலியைப் பிடித்துவிட்டார்கள்.

படத்தின் கடைசிப் பாட்டு ஞாபகம் இருக்கிறதா? சட்டைக் கைப்பட்டையில் எழுதிய வரிகள் பறந்துபோய்விட்டன. வார்த்தை கிடக்கட்டும், பாடு என்கிறாள் அந்தப் பெண். அவன் எந்த நாட்டு மொழியும் இல்லாத ஒரு மொழியில் பாடுகிறான். சாப்ளினுடைய குரலை உலகம் திரையில் கேட்டது அதுதான் முதல் தடவை. நமக்குப் புரியாத சொல் ஒன்றுகூட இல்லை! கூடத்திலிருந்த பீகார்ப் பையன்கள், மராத்திப் பெண்கள் எல்லோரும் நம்மோடு ஒரே இடத்தில்தான் சிரித்தார்கள்.

அந்தக் கோடவுனில் அவர்களும்தான் வேலை செய்கிறார்கள். கூலிப் பிடித்தம் பற்றி ஒரு மனு எழுதியிருக்கிறோம், தமிழிலும் இந்தியிலும். போன வாரம் நான்கு பேரிடம் கொண்டுபோனோம். “அவனுக்கு வந்தது, எங்களுக்கு எதற்கு?” என்று மூன்று பேர் திருப்பித் தந்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் கையெழுத்துப் போட்டார். அந்த மூன்று பேரும் இன்றைக்குப் படம் பார்க்க வந்திருக்கிறார்கள், பெயர் சொல்ல மாட்டோம். மனு வாசல் மேசையில் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. நைட் ஷிப்டு போனவர்களுக்காக வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குப் படத்தை மறுபடியும் போடுகிறோம். குழந்தைகளையும் கூட்டி வாருங்கள்.