குழந்தைக்கு ஒரு காப்புக் கதை



"பேசாமல் படு, பூச்சாண்டி வருகிறான்!" என்று ஒருமுறையேனும் சொல்லாத தமிழ் வீடு அரிது. குழந்தை கிணற்றங்கரைக்குப் போகாதிருக்கவும், இருட்டில் அலையாதிருக்கவும் நம் பாட்டிமார் கண்ட உபாயம் அது. இராமநாதபுரத்தையும் மதுரையையும் விட்டு அந்தமானுக்கு வந்த நாம், மூட்டை முடிச்சுகளோடு பூச்சாண்டியையும் கப்பலேற்றிக் கொண்டு வந்துவிட்டோம். ஆனால் அச்சம் குழந்தையை ஒளிந்துகொள்ளச் செய்யுமேயன்றி, வழி தேடச் செய்யாது. கட்டிலுக்கடியிலும் கதவிடுக்கிலும் பதுங்குவதே அஞ்சிய குழந்தையின் இயல்பு. பதுங்கினால் தப்ப முடியாத ஆபத்து ஒன்று இத்தீவுகளில் உண்டு.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. காலை ஆறரை மணியளவில் சுமத்திராவின் மேற்குக் கரைக்கு அப்பால் கடலடியில் நிலம் பிளந்தது. கார் நிக்கோபார், கச்சால், பெரிய நிக்கோபார் ஆகிய தீவுகளை ஆழிப்பேரலை சில நிமிடங்களிலேயே வந்தடைந்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி, கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டங்களில் குடியேறியிருந்த நம் தமிழ்க் குடும்பங்களும் அதற்குத் தப்பவில்லை. சென்னைக் கடற்கரையை அலை அடைய இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. நிக்கோபாருக்கோ அந்த அவகாசம் இல்லை. பின்வாங்கிய கடலில் துள்ளும் மீனையும் கிளிஞ்சலையும் காணப் பிள்ளைகள் ஆவலோடு ஓடியதாகப் பல கரைகளில் பிழைத்தவர்கள் கூறினர். அக்காட்சி ஓர் அபாய அறிவிப்பு என்று அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை.

சொல்லி வைத்த இடங்களில் நிகழ்ந்தது வேறு. நிக்கோபாரைச் சேர்ந்த தெரசா தீவில் துறைமுகப் பணியாளர் ஒருவர், தொலைக்காட்சியில் முன்பு கண்ட ஒரு விவரணப் படத்தை நிலம் அதிர்ந்தவுடன் நினைவுகூர்ந்தார். ஊராரை மேட்டிற்கு ஓடும்படி எச்சரித்தார். அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பிழைத்ததாக அக்காலச் செய்திகள் கூறின. லிட்டில் அந்தமானில் வாழும் ஓங்கே மக்கள், முன்னோர் வழிவந்த அறிவின் துணையால் உயர்ந்த இடம் சேர்ந்தனர் என்பர். சுமத்திராவை அடுத்த ஸிமெலூ தீவினரின் செய்தி இன்னும் வியப்புக்குரியது. 1907இல் அங்கே ஒரு பேரலை பலரைக் கொண்டுபோயிற்று. அதற்கு 'ஸ்மோங்' என்று பெயரிட்டு, அத்தீவின் பாட்டிமார் கதையாகவும் தாலாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தனர். 97 ஆண்டுகள் கழித்து நிலம் அதிர்ந்தபோது, "ஸ்மோங்! ஸ்மோங்!" என்ற கூக்குரலே அத்தீவை மலையேற்றியது. ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அவ்விடத்தில் அலைக்கு இரையானோர் எழுவரே என்று கணக்கிட்டார்கள். அதிகார முறையில் எச்சரிக்கை எதுவும் வருமுன் அவர்களைக் காத்தது ஒரு கதை.

ஜப்பானியர் இத்தகைய கதையைப் பள்ளிக்கூடத்திலேயே வைத்தனர். 1854இல் பேரலையொன்று தாக்கியபோது, ஹிரோ என்ற சிற்றூரில் ஹமகுச்சி கோர்யோ என்பவர் நெற்கதிர்ப் போர்களுக்குத் தீயிட்டு, அவ்வொளியால் ஊராருக்கு மேட்டு வழியைக் காட்டினார். அந்நிகழ்ச்சியைத் தழுவிய கதை 1937 முதல் 1947 வரை ஜப்பானியத் தொடக்கப் பள்ளிப் பாடநூலில் இடம்பெற்றது. 2004க்குப் பின் அதுவே சிறு நூலாகி ஆசிய நாடுகள் பலவற்றின் பிள்ளைகளிடம் சென்றது. எரியும் போரையும் ஏறும் மக்களையும் படத்தில் கண்ட குழந்தை அவற்றை எளிதில் மறக்குமோ?

நமக்கும் இது புதிதன்று. பஞ்சதந்திரத்தில் வரும் மூன்று மீன்களை நாம் அறிவோம். வலைஞன் வருமுன்னே குளத்தை விட்டு நீங்கிய மீன் ஒன்று. வந்தபின் உபாயத்தால் தப்பிய மீன் ஒன்று. வருவது வரட்டும் என்றிருந்து மாண்டது மூன்றாவது. நம் குழந்தையை முதல் மீனாக வளர்ப்பது எவ்வாறு?

கடையில் புத்தகம் கிடைக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். நான்கு தாள்களும் ஒரு பென்சிலும் போதும். முதற் படத்தில், ஒரு சிறுமி தம்பியுடன் கடற்கரையில் விளையாடுகிறாள். இரண்டாவதில் நிலம் குலுங்குகிறது. இருவரும் குனிந்து, தலையைக் கைகளால் மூடிக்கொள்கிறார்கள். மூன்றாவதில் குலுக்கம் நின்றுவிட்டது. தம்பியின் கையைப் பற்றிக்கொண்டு அவள் மேட்டை நோக்கி ஓடுகிறாள். மணலில் கிடக்கும் பொம்மையை எடுக்க அவள் திரும்பவில்லை. நான்காவதில் மேட்டின்மேல் அம்மாவின் மடியில் இருவரும் அமர்ந்திருக்கிறார்கள். "இறங்கலாம்" என்று பெரியவர்கள் சொல்லும்வரை அவர்கள் இறங்குவதில்லை.

இதில் கவனிக்கத்தக்கவை சில. நிலம் வலுவாகவோ நெடுநேரமோ அதிர்வதே அடையாளம் என்று கதை சொல்ல வேண்டும். எல்லாச் சமயத்திலும் கடல் முதலில் பின்வாங்குவதில்லை. ஆதலின் அதைக் காணக் காத்திருத்தல் ஆகாது. முதல் அலையே பெரியது என்றும் எண்ணலாகாது. பின்வருவது அதனினும் பெரிதாயிருக்கலாம். ஹைதராபாத்தில் 2007 முதல் இயங்கும் எச்சரிக்கை மையம் நமக்குப் பெருந்துணையே. ஆயினும் அருகே எழும் அலைக்கு முன்னால், சங்கொலி கேட்கட்டும் என்று நிற்பதற்கு நேரம் இராது.

ஒவ்வொரு படத்திற்கும் இடையே நிறுத்தி, "இனி அவள் என்ன செய்வாள்?" என்று குழந்தையையே கேளுங்கள். விடை அதன் வாயிலிருந்து வரட்டும். கதை முடிந்தபின் ஒரு மாலை அதன் கையைப் பிடித்துக்கொண்டு, உங்கள் வீட்டிலிருந்து அருகிலுள்ள மேட்டுக்கு நடந்து செல்லுங்கள். காதால் கேட்டதைக் கால்களும் கற்க வேண்டும் அன்றோ? கடைசிப் படம் அலையாக இருத்தல் கூடாது. அம்மாவின் மடியாக இருக்கட்டும். அப்போது குழந்தை அஞ்சாமல் உறங்கும்; கதையையும் மறவாது.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் கற்கிறார்கள், அது நன்றே. ஆனால் ஆபத்து வேளையில் தாயின் வாயிலிருந்து எழும் கூவல் தாய்மொழியில்தான் எழும். "மேட்டுக்கு ஓடு!" என்ற இரு சொற்களைக் கேட்டவுடன் குழந்தையின் கால்கள் எழ வேண்டுமானால், அச்சொற்கள் கதையில் பலமுறை காதில் விழுந்திருக்க வேண்டும். வீட்டில் தமிழ்க்கதை சொல்வது மொழிப்பற்று மட்டுமன்று. அது உயிர்க்காப்பும் ஆகும்.

இம்முறை பிற ஆபத்துகளுக்கும் பொருந்தும். உப்பங்கழியில் முதலை உலவும் இத்தீவுகளில், அறிவிப்புப் பலகையைப் படிக்கத் தெரியாத சிறுவனுக்கு முதலைப் படக்கதையே பலகை. மும்பையின் மாடிக் குடியிருப்பிலும் டெல்லியின் நெரிசல் தெருவிலும் வாழும் நேயர்கள், தீயையும் வண்டியையும் குறித்து இவ்வாறே நான்கு படங்கள் வரையலாம்.

பூச்சாண்டிக்கு இனி ஓய்வு கொடுப்போம். இன்றிரவு விளக்கை அணைக்குமுன் உங்கள் குழந்தையின் அருகே அமர்ந்து, முதற் படத்தை வரையத் தொடங்குங்கள். கோடு கோணலாக விழுந்தால் குற்றமில்லை. மேட்டுக்குச் செல்லும் வழி மட்டும் சரியாக இருக்கட்டும்.