விற்பனை தேர்ந்த பாட்டுகள்

கனடாவிற் பிறந்து கலிபோர்னியாவிற் குடியேறிய ராக் பாடகர் நீல் யங், 2004-ஆம் ஆண்டில் தம் புகழ்பெற்ற பாட்டுகள் 16-ஐ ஒரே இசைத்தட்டாக வெளியிட்டார். அவற்றைத் தேர்ந்தது அவர் மனமன்று. எவை மிகுதியாக விற்றன, எவை வானொலியில் அடிக்கடி ஒலித்தன, எவை இணையவழி இறக்கப்பட்டன என்னும் கணக்கே. (வானொலிக்கும் இதில் பங்குண்டு!) அக்கணக்கின்படி, 1969 முதல் 1972 வரையிலான நான்கே ஆண்டுகளின் பாட்டுகள் 11 இடம்பெற்றுவிட்டன. போதைமருந்துக்கு இரையான நண்பர் இருவரை எண்ணி அவர் பாடிய 'டுநைட்ஸ் தி நைட்' என்னும் 1975-ஆம் ஆண்டுத் தொகுதியிலிருந்து ஒன்றேனும் இல்லை. இதனை நாம் பெருங்குறையென்றே கொள்கிறோம். எனினும் 'ஹெல்ப்லெஸ்' தப்பி வந்திருக்கிறது. வட ஒண்டாரியோவில் உள்ள ஓர் ஊரை நினைந்துருகும் பாட்டு அது. ஊரைவிட்டு வந்து வாழும் நாம் முதலில் அதனைக் கேட்போம்.