அந்தப் படியில் யார் இறங்குவது?

(துப்புரவுத் தொழிலாளர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்கப்பா பாதாளச் சாக்கடையில் அடைப்பு எடுத்தவர். நான் அதே சாக்கடையைக் காகிதத்தில் வரையப் படித்தவன். இதெல்லாம் இன்ஜினியர் சமாச்சாரம், நமக்கெதுக்குன்னு நினைச்சிடாதீங்க. நம்ம ஆளு குழிக்குள்ள இறங்கணுமா வேண்டாமா என்பது அந்தக் காகிதத்திலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

முதல் விதி சரிவு. குழாயில் கழிவுநீர் தன் எடையாலேயே ஓடவேண்டும். நொடிக்கு 0.6 மீட்டர், அதாவது 2 அடி வேகமாவது இருந்தால்தான் மணலையும் மலத்தையும் அடித்துக்கொண்டு போகும். 150 மில்லிமீட்டர் குழாய்க்குச் சுமார் 200 அடிக்கு 1 அடி இறக்கம் வேண்டும். சென்னை மாதிரி சமதரை ஊரில் குழாய் போகப் போக ஆழமாகும். அதனால்தான் நடுநடுவே நீரேற்று நிலையம். தோண்டுற செலவை மிச்சம்பிடிச்சுச் சரிவைக் குறைச்சா மணல் படியும், அடைக்கும்.

இரண்டாவது விதி காற்று. உச்ச ஓட்டத்திலும் குழாய் 80 சதவீதத்துக்கு மேல் நிரம்பக்கூடாது. தேங்கிய கழிவில் ஆக்சிஜன் தீர்ந்து ஹைட்ரஜன் சல்பைடு உண்டாகும். முதலில் அழுகின முட்டை நாத்தம். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போகும். 'இப்ப நாத்தமில்லையே' என்று இறங்குகிறவர் பிணமாகத்தான் மேலே வருகிறார்.

மூன்றாவது மேன்ஹோல். குழாய் திரும்புகிற இடம், சரிவு மாறுகிற இடம், குழாய்கள் சேருகிற இடம் எல்லாவற்றிலும் அது வேண்டும். அதன் சுவரில் இரும்புப் படி வரைவோம். அந்தப் படியில் யார் இறங்குவார் என்று எங்கள் வகுப்பில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்பானேன்? எல்லோருக்கும் தெரியும்.

"ஒரே மேன்ஹோல்லதாண்டா எப்பவும் அடைக்குது" என்பார் அப்பா. படிப்பு முடிந்ததும் அங்கே லெவல் பார்த்தேன். குழாய் எதிர்ப்பக்கமாகச் சரிந்திருந்தது. யாரோ செய்த தப்பை இத்தனை வருசம் தன் உடம்பால் சரிசெய்திருக்கிறார். அவரை ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை.

சாக்கடையிலும் மலக்குழியிலும் பாதுகாப்பின்றி ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று 2014இல் உச்சநீதிமன்றம் சொன்னது. 2023இல் அதை 30 லட்சமாக்கியது. அந்தப் பணம் நம் உரிமை, விடக்கூடாது. ஆனால் பணம் செத்த பிறகு வருவது.

சாகாமலிருக்க என்ன கேட்பது? பள்ளத்தை மூடுறதுக்கு முன்னால லெவல் பார்க்கச் சொல்லுங்க. அடைப்பெடுக்கும் எந்திரம் நுழையாத சந்துக்கு என்ன ஏற்பாடு என்று வரைபடத்திலேயே காட்டச் சொல்லுங்க. அந்த எந்திரத்தை ஓட்டுகிற வேலையை, நிரந்தரச் சம்பளத்தோடு, இத்தனை காலம் இறங்கினவர்களுக்கே கேளுங்க. எங்கே அடைக்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.